ஃபிளெக்ஸ் டாங்கியை இறக்குங்கள்: கண்காட்சிக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

கண்காட்சிக் குழுத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும்,

உலகப்போர்க் காலத்தில் எதிரியின் கண்ணை ஏமாற்றிய ஓவியர்களைப் பற்றி ஓர் அரங்கு வேண்டும் என்று கேட்டு நாங்கள் கொடுத்த மனுவுக்கு நான்கு வரியில் பதில் வந்திருக்கிறது. இது பொம்மை வேலை, கலை ஆகாது. ஏமாற்றுவதைப் பிள்ளைகளுக்குக் காட்டுவது முறையில்லை. செட்டிநாட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. ஆகவே அந்த இடத்தில் எட்டடிக்கு நாலடியில் டாங்கிப் படம் போட்ட ஃபிளெக்ஸ் ஒன்று, செல்ஃபி எடுப்பதற்காக வைக்கப்படும்.

நான்காவது வரி வந்திராவிட்டால் நாங்கள் பேசாமல் இருந்திருப்போம்.

இதில் கையெழுத்துப் போட்டிருக்கிறவர்கள் காரைக்குடி, தேவகோட்டை, ஆத்தங்குடி, பள்ளத்தூர்ப் பக்கத்தில் நாடகத்துக்குச் சீன் படுதா வரைகிறவர்கள், பந்தல் போடுகிறவர்கள், பனையோலைக் கொட்டான் முடைகிற பெண்கள், பழைய வீடுகளுக்குச் சுண்ணாம்புப் பூச்சு பார்க்கிற கொத்தனார்கள். மனு எட்டுப் பக்கம். படித்த மாதிரி தெரியவில்லை. அதனால் ஊரில் எல்லாரும் படிக்கட்டும் என்று இங்கே எழுதுகிறோம்.

முதலில் அந்தப் 'பொம்மை வேலை'.

1942-ல் எகிப்தின் எல் அலமெயினில் பிரிட்டிஷ் எட்டாவது படையும் ஜெர்மன் தளபதி ரோமெலின் படையும் எதிரெதிரே நின்றன. வடக்கே கடல், தெற்கே இறங்க முடியாத கத்தாராப் பள்ளம், நடுவில் மேசை மாதிரித் தட்டையான பாலைவனம். ஒளிய ஒரு மரம் கிடையாது. தலைக்கு மேலே எதிரியின் வேவு விமானம் கேமராவோடு சுற்றுகிறது. பிரிட்டிஷ் தளபதி மான்ட்கோமரிக்குத் தாக்குதல் வடக்கே வேண்டும். எதிரியோ தெற்கே என்று நம்ப வேண்டும். எந்த நாளில் என்பதும் தெரியக்கூடாது. இந்த வேலை யாரிடம் போயிற்று? ஜெஃப்ரி பார்காஸ் என்ற சினிமா இயக்குநரிடம். அவர் கீழே டோனி அயர்ட்டன், பிரையன் ராப் என்று ஓவியர்கள். விலங்குகளின் நிறத்தை ஆராய்ந்த ஹியூ காட் என்ற உயிரியலாளர் உருமறைப்புப் பள்ளியில் பாடம் எடுத்தார். 'பெர்ட்ராம்' என்று பெயரிட்ட அந்தத் திட்டம், நாடகக் கொட்டகைக்காரன் பார்த்த உடனே புரிந்துகொள்கிற திட்டம்.

டாங்கிகளை மறைக்க அவர்கள் செய்தது 'சன்ஷீல்ட்'. இரும்புக் குழாயில் சட்டம், அதன் மேல் வர்ணம் அடித்த கித்தான், இடது வலது என்று இரண்டு பாதி. டாங்கியின் இரு பக்கமும் மாட்டிவிட்டால் மேலிருந்து பார்க்கிறவனுக்கு அது சரக்கு லாரி. கழற்றிவிட்டால் இரண்டு பக்கமும் விழுந்துவிடும், டாங்கி அப்படியே புறப்படலாம். அப்படி 722 கூண்டுகள் பயன்பட்டன. கூண்டைச் செய்தது பாதி வேலைதான். தாக்குதல் புறப்பட வேண்டிய இடத்தில் லாரிகளையும் கூண்டுகளையும் முன்கூட்டியே கொண்டுவந்து பரப்பிவிட்டார்கள். வேவுக்காரன் தினமும் படம் எடுத்தான், தினமும் அதே லாரிக் கூட்டம், அவனுக்கே சலித்துப் போயிற்று. அதன் பிறகு ஓர் இரவில் நிஜ டாங்கிகள் வந்து கூண்டுக்குள் நுழைந்துகொண்டன. மணலில் பதிந்த தடத்தை அழித்தார்கள். டாங்கிகள் கிளம்பிய பழைய இடத்தில் அதே எண்ணிக்கைக்குப் போலி டாங்கிகளை நிறுத்தினார்கள். போலிகளுக்கு எலும்பு எது தெரியுமா? பேரீச்ச மட்டையைப் பிளந்து எகிப்துக் கிராமத்துக்காரர்கள் பின்னுகிற தட்டி. கொட்டான் முடைகிறவர்களுக்கு இந்த அரங்கில் என்ன வேலை என்று கேட்ட உறுப்பினருக்கு இதுதான் பதில்.

தண்ணீர்க் குழாய் விஷயம் இன்னும் அழகு. தெற்கே பெரிய படை வரப் போகிறது என்றால் அதற்குத் தண்ணீர் போக வேண்டும். ஆகவே வடக்கிலிருந்து தெற்கு நோக்கி ஒரு குழாய்ப் பாதை. மொத்தம் ஏறக்குறைய இருபது மைல், கையில் இருந்ததோ ஐந்து மைலுக்கான போலிக் குழாய். காலியான பெட்ரோல் டின்களைத் தட்டி உருட்டி வரிசையாக வைத்ததுதான் அந்தக் குழாய். ஐந்து மைலுக்குப் பள்ளம் தோண்டுவார்கள், பகலில் அதன் ஓரத்தில் குழாய் கிடக்கும், எதிரி படம் எடுப்பான். இரவில் பள்ளத்தை மூடிவிட்டு அதே டின்களைப் பொறுக்கிக்கொண்டு போய் அடுத்த ஐந்து மைலில் பரப்புவார்கள். மேலே இருந்து பார்த்தால் வேலை மளமளவென்று நடக்கிறது, ஆனால் அந்த வேகத்தில் போனால் நவம்பர் முதல் வாரத்துக்கு முன் முடியாது. எதிரி கணக்குப் போட்டுக்கொண்டான். தாக்குதல் அக்டோபர் 23 இரவிலேயே விழுந்தது. அப்போது ரோமெல் உடம்பு சரியில்லாமல் விடுப்பில் ஊருக்குப் போயிருந்தார். அவருடைய 21-வது பான்சர் டிவிஷன் என்ற டாங்கிப் படை தெற்கேயே காத்திருந்தது. நவம்பர் 11-ஆம் தேதி சர்ச்சில் நாடாளுமன்றத்தில் இந்த உருமறைப்பு வேலையைக் குறிப்பிட்டுப் பேசினார்.

நாடகத்தில் ஐந்து சிப்பாய்தான் இருப்பான். படுதாவுக்குப் பின்னால் ஓடிவந்து ஓடிவந்து ஐம்பது பேர் சேனையாகத் தெரிவான். அதே ஐந்து மைல் டின்தான் இது.

பெட்ரோலை மறைத்ததையும் சொல்லிவிடுகிறோம், எங்கள் கொத்தனார்கள் மிகவும் ரசித்தது அதைத்தான். எல் இமயிது ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பழைய பதுங்கு குழிகள் இருந்தன, உள்சுவர் கல்லால் கட்டியது. எதிரியின் பழைய படங்களில் அவை ஏற்கனவே பதிவானவை. அந்தச் சுவரை ஒட்டி ஒரே வரிசையாக டின்களை அடுக்கினார்கள். குழியின் வாய் விளிம்பும் உள்ளே விழுகிற நிழலும் மாறவே இல்லை. இரண்டாயிரம் டன் பெட்ரோல் அப்படி ஒளிந்தது. தங்கள் விமானிகளையே மேலே அனுப்பித் தேடச் சொன்னார்கள், கண்டுபிடிக்க முடியவில்லை.

இங்கே நிழல் என்ற சொல்லைக் குழுவினர் கவனிக்க வேண்டும். மேலிருந்து பார்க்கிறவன் கண்ணில் முதலில் படுவது பொருள் அல்ல, நிழல்தான். காலை ஏழு மணி வெயிலில் ஒரு பெட்டியின் நிழல் பெட்டியை விட நீளம். அதை வைத்தே உயரத்தை அளந்துவிடுவான். நீங்கள் வைக்கப் போகிற ஃபிளெக்ஸுக்குக் கனம் கிடையாது. மாடியிலிருந்து பார்த்தால் ஒரு கோடு. நேரே பார்த்தால் பளபளப்பு. டாங்கி பளபளக்காது. அதில் அச்சான நிழல் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், மைதானத்து வெயில் வேறு பக்கம் அடிக்கும். பிள்ளைகளுக்கு என்ன காரணம் என்று சொல்லத் தெரியாது, ஆனால் 'பொய்' என்று தெரிந்துவிடும்.

வரைந்த நிழலில் இந்தச் சிக்கல் எப்போதும் உண்டு. லிபியாவில் டோப்ருக் முற்றுகையின்போது அங்கே கடல்நீரைக் குடிநீராக்குகிற ஆலை குண்டுக்குத் தப்ப வேண்டியிருந்தது. பீட்டர் பிரவுட் என்ற சினிமா கலை இயக்குநர் அதை ஏற்கனவே குண்டு விழுந்து நொறுங்கிப்போனது போல் ஆக்கிவிட்டார். ஓட்டை தோண்டவில்லை, வரைந்தார்; சுற்றிலும் இடிபாட்டைக் கொட்டினார். வரைந்த ஓட்டைக்குள் நிழலைக் கறுப்பாக அடித்துவிட்டால் காலையில் சரியாக இருப்பது மாலையில் தலைகீழாகிவிடும். சீன் எழுதுகிறவனுக்கு இது புதிது இல்லை. மேடை விளக்கு எந்தப் பக்கம் என்று கேட்காமல் தூணுக்கு ஷேட் போட மாட்டான். அதனால் வரைந்த ஓட்டையின் விளிம்பைக் கூர்மையாக விடக்கூடாது. மொத்த வேலையையும் வேவு விமானம் வழக்கமாக வருகிற நேரத்து வெயிலுக்கு ஏற்றபடி அமைக்க வேண்டும். பக்கத்தில் நிஜமான செங்கல் குப்பை கொஞ்சம் கொட்ட வேண்டும், அதன் நிஜ நிழல் ஓட்டையின் பொய் நிழலுக்குச் சாட்சி சொல்லும்.

ஷேடைத் தலைகீழாகப் போடுகிற வித்தையும் உண்டு. நம் ஊர் வீடுகளில் சுண்ணாம்புத் தூணை உருண்டையாகத் தூக்கிக் காட்ட, வெளிச்சம் படுகிற பக்கத்தை வெளுப்பாகவும் எதிர்ப்பக்கத்தைக் கருப்பாகவும் விடுகிறோம். அதையே மாற்றி, வெயில் படுகிற மேல்பக்கத்தைக் கருப்பாகவும் நிழல் விழுகிற அடிப்பக்கத்தை வெளுப்பாகவும் அடித்தால் உருண்டை தட்டையாகிவிடும், கண்ணுக்குப் பிடி கிடைக்காது. மானின் முதுகு கருத்தும் வயிறு வெளுத்தும் இருப்பது இதனால்தான். அமெரிக்க ஓவியர் ஆபட் தேயர் இதை முதலில் விளக்கியவர். 1940-ல் ஹியூ காட் ஒரு பீரங்கிக்கு இந்த முறையிலும், இன்னொன்றுக்கு ராணுவத்தின் வழக்கமான திட்டுத் திட்டான முறையிலும் வர்ணம் அடித்து, விமானத்திலிருந்து படம் எடுக்கச் சொன்னார். திட்டு போட்டது பளிச்சென்று தெரிந்தது. மற்றதைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

பந்தல்காரர்கள் பங்கு வலை. முதல் உலகப்போரிலேயே வலையில் துணி நாடாக்களைக் கட்டிப் பீரங்கி மேல் போடத் தொடங்கிவிட்டார்கள். பிரெஞ்சுப் படையில் 1915-ல் இதற்கென்று ஓவியர் பிரிவே வந்தது, தலைவர் கிரான் தெ ஸ்கேவோலா என்ற ஓவியர், பிரிவின் சின்னம் பச்சோந்தி. வலை போடுவதில் எல்லாரும் செய்கிற தப்பு, அதைப் போர்வை மாதிரிப் பொருள் மேலேயே போட்டு மூடுவது. அப்போது பொருளின் உருவம்தான் இன்னும் நன்றாகத் தெரியும், ஈரச் சேலை போர்த்திய அண்டா மாதிரி. சுற்றிலும் கம்பு ஊன்றி, நடுவில் உயர்த்தி, நாலு பக்கமும் சரிவாக இழுத்துத் தரையோடு கட்ட வேண்டும். நாடாக்களை நடுவில் நெருக்கமாகவும் ஓரத்துக்கு வரவர இடைவெளி விட்டும் கட்டினால்தான் விளிம்பில் வெட்டினாற்போல் நிழல் விழாது. பச்சை இலையைச் சொருகினால் மறுநாள் வாடி நிறம் மாறும். சுற்றிலும் பச்சையாக இருக்க நடுவில் ஒரு பழுப்புத் திட்டு, 'இங்கே பார்' என்று சொல்கிற மாதிரி. மூன்று நாளைக்குப் போட்ட கல்யாணப் பந்தலில் மாவிலைத் தோரணம் என்ன ஆகிறது என்று பார்த்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஓவியக் கல்லூரிப் பட்டம் இருந்தால்தான் கலை என்பது குழுவின் அளவுகோல் என்றால், அதற்கும் ஆள் இருக்கிறது. 1944 ஜனவரியில் அமெரிக்கா 23-வது தலைமையகச் சிறப்புப் படை என்று ஒன்றை அமைத்தது. ஏறக்குறைய 1,100 பேர். அதில் 603-வது உருமறைப்புப் பொறியாளர் பிரிவு நிறைய ஓவிய மாணவர்களால் ஆனது. பின்னாளில் பேர்பெற்ற ஓவியர் எல்ஸ்வொர்த் கெல்லி, பறவை ஓவியர் ஆர்தர் சிங்கர், ஆடை வடிவமைப்பாளர் பில் பிளாஸ் எல்லாரும் அதில் இருந்தவர்கள். ஷெர்மன் டாங்கி நிஜத்தில் முப்பது டன்னுக்கு மேல். இவர்களுடைய காற்றடைத்த டாங்கி 42 கிலோ, நாலு பேர் அலாக்காகத் தூக்கலாம். உள்ளே ரப்பர் குழாய்களால் எலும்புக்கூடு, மேலே ரப்பர் பூசிய துணித் தோல். குழாய்களைத் தனித்தனி அறையாக வைத்திருந்ததால் ஓரிடத்தில் துளை விழுந்தால் முழுவதும் சரிந்துவிடாது. இராத்திரிக் குளிரில் காற்று சுருங்கி பீரங்கிக் குழல் தொங்கிப்போகும், விடிவதற்குள் ஆள் போய் மறுபடி காற்றடிக்க வேண்டும். டாங்கி நிற்கிற இடத்துக்குச் சங்கிலித் தடம் இல்லாவிட்டால் அது வானத்திலிருந்து விழுந்ததா என்று எதிரி கேட்பான். ஆகவே புல்டோசர் ஓட்டித் தடம் போட்டார்கள்.

ஓசைக்கு வேறு பிரிவு. ஃபோர்ட் நாக்ஸ் என்ற அமெரிக்க ராணுவத் தளத்தில் நிஜ டாங்கிகள் ஓடுவதையும் பாலம் கட்டுவதையும் பதிவுசெய்து, கலந்து, எஃகுக் கம்பியில் ஏற்றினார்கள். கிராமபோன் தட்டு என்றால் வண்டி குலுங்கும்போது ஊசி தாவும், கம்பி தாவாது. வண்டியில் ஏற்றிய ஸ்பீக்கர் பதினைந்து மைல் வரை கேட்டது. 1945 மார்ச்சில் ரைன் ஆற்றைக் கடக்கிற சமயத்தில் இந்தச் சிறிய கூட்டம் இரண்டு முழு டிவிஷன் அங்கே நிற்பது போலக் காட்டியது. 1996 வரை இவர்கள் கதை ரகசியமாகவே இருந்தது. 2024 மார்ச்சில்தான் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தங்கப் பதக்கம் வந்தது, அதைக் கையில் வாங்க உயிரோடு இருந்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள்.

இனி நீங்கள் அச்சடித்து வைத்திருக்கிற உலகப்போர்த் தகவல் பலகை. அதில் இரண்டு தப்பு. 1917-ல் பிரிட்டிஷ் கப்பல்களுக்கு வரிவரியாக வர்ணம் அடித்தது 'கடலில் மறைப்பதற்காக' என்று போட்டிருக்கிறீர்கள். கறுப்பு வெள்ளைப் பட்டையை அடித்து யார் எதை மறைக்க முடியும்? நார்மன் வில்கின்சன் என்ற கடல் ஓவியர் கொடுத்த யோசனை வேறு. நீர்மூழ்கிக்காரன் கப்பல் போகிற திசையையும் வேகத்தையும் கணித்து, அது வரப்போகிற இடத்துக்கு டார்பிடோவை விட வேண்டும். பட்டைகள் முனை எது, பின்புறம் எது, எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைக் குழப்பும். கப்பல் தெரியும், அதன் போக்குத்தான் தெரியாது. லண்டன் ராயல் அகாடமியில் பெண் ஓவியர்கள் பலர் சின்ன மர மாதிரிகளுக்கு வர்ணம் அடித்தார்கள். அவற்றைச் சுழல்கிற மேசையில் வைத்து பெரிஸ்கோப் வழியே பார்த்துச் சோதித்தார்கள். ஆத்தங்குடிக் கல்லில் கட்டம் கட்டமாக மேடும் பள்ளமுமாகத் தெரிகிற டிசைனில் நடக்கும்போது கால் ஒரு கணம் தயங்குகிறது அல்லவா, அதுதான் விஷயம். இரண்டாவது தப்பு, ஜாஸ்பர் மாஸ்கெலின் என்ற மந்திரவாதி சூயஸ் கால்வாயையே மறையச் செய்தார் என்பது. அது பெரும்பாலும் அவர் பெயரில் வந்த கதை, ஆராய்ந்தவர்கள் ஏற்கவில்லை. வேலை செய்த ஓவியர்களை விட்டுவிட்டு வித்தைக்காரரைப் பலகையில் ஏற்றுவது எங்களுக்குக் கொஞ்சம் உறுத்துகிறது.

'செட்டிநாட்டுக்கு என்ன சம்பந்தம்?'

1941 டிசம்பர் 23-ல் ரங்கூனில் ஜப்பான் குண்டு போட்டது. அங்கே மொகல் தெருவில் செட்டியார்கள் தொழில் நடத்திய கிட்டங்கிகளைப் பூட்டிவிட்டுக் கப்பலிலும் கால்நடையாகவும் வந்தவர்கள் யாருடைய பாட்டனார்கள்? உங்கள் வீட்டு முகப்பில் நிற்கிற தேக்குத் தூண் எங்கிருந்து வந்தது? அந்த பர்மாவை 1945-ல் மீட்டதே ஒரு கண்கட்டில்தான். பிரிட்டிஷ் ஜெனரல் ஸ்லிம் தன் நான்காவது கோர் என்ற பெரும் படைப்பிரிவை கங்காவ் பள்ளத்தாக்கு வழியாகத் தெற்கே சத்தமில்லாமல் இறக்கினார். அந்தக் கோரின் தலைமையகம் பழைய இடத்திலேயே இருப்பது போலப் போலி வயர்லெஸ் செய்திகள் தாமுவிலிருந்து போய்க்கொண்டே இருந்தன. ஜப்பானியர் மாந்தலேயைப் பார்த்துக்கொண்டிருக்க, மெய்க்டிலா மார்ச் தொடக்கத்தில் விழுந்தது. அது ஓவியர் வேலை அல்ல, வயர்லெஸ்காரர் வேலை. அதையும் ஒளிக்காமல் மனுவில் எழுதியிருந்தோம். ஆனால் சம்பந்தம் இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

செட்டிநாடு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அந்தப் போர்க்கால விமான ஓடுதளம் இன்றும் கிடக்கிறது. இங்கிலாந்தில் இந்த மாதிரி ஓடுதளங்களைக் காப்பாற்றத்தான் கர்னல் ஜான் டர்னர் என்பவர் ஷெப்பர்டன் சினிமா ஸ்டுடியோவின் தச்சர்களையும் ஓவியர்களையும் வைத்துப் போலி விமானங்களும் போலி ஓடுதள விளக்குகளும் செய்தார். அதே 1940-களில் ஏவி.எம். நம் தேவகோட்டை ரஸ்தாவில் கீற்றுக் கொட்டகை போட்டுப் படம் பிடித்தது. கித்தானில் கோட்டை கட்டத் தெரிந்த கைகள் அன்றைக்கே இந்த ஊரில் இருந்தன. நம் நாட்டிலேயே இன்னொன்று வேண்டுமானால் தாஜ்மஹால். 1942-ல் அதன் கும்மட்டத்தை மூங்கில் சாரம் கட்டி உருமாற்றினார்கள், 1971 போரில் துணியால் போர்த்தினார்கள். அது முழுக்க முழுக்கப் பந்தல்காரர் வேலை. பலகையில் அவர்கள் பெயர் ஒன்றாவது எங்காவது உண்டா?

ஏமாற்றுவதைக் காட்டலாமா என்ற கேள்விக்கு அதிகம் சொல்வதற்கில்லை. உதயணனைப் பிடிக்க வயிற்றுக்குள் வீரர்களை வைத்து எந்திர யானை செய்த கதையைத் தமிழில் பாடியிருக்கிறார்கள். மாயமான் இல்லாத ராமாயண நாடகம் ஊரில் ஏறுமா? ஆனால் இது அகிம்சை வேலை என்று நாங்கள் சொல்லவில்லை. போலி டாங்கி யாரையும் கொல்லாது, நிஜ டாங்கி கொல்வதற்கு வழி விடும். நகரத்துக்கு வந்த குண்டைத் தன் பக்கம் இழுக்க வயல்வெளியில் மூட்டிய போலித் தீ, பக்கத்துக் குடியானவன் வீட்டையும் இழுத்துவிடலாம். இதையும் அரங்கில் எழுதி வைக்க வேண்டும் என்பது எங்கள் மனுவின் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது.

நாங்கள் என்ன செய்யப் போகிறோம் என்று இன்னொரு முறை சொல்கிறோம். ஒரு ஷெர்மன் டாங்கி, நிஜ அளவில்: 19 அடி நீளம், எட்டரை அடி அகலம், 9 அடி உயரம். உடம்புக்குச் சவுக்குக் கம்பு, வளைவுகளுக்கு மூங்கில் பிளாச்சு, நிரவலுக்குப் பனை மட்டைத் தட்டி. மேலே 48 அங்குல அகலக் காடாத் துணி, ஒட்டு மடிப்பெல்லாம் சேர்த்து 55 மீட்டர். துணியை முதலில் நனைத்துக் காயப்போட்டுவிட்டுத்தான் சட்டத்தில் ஏற்ற வேண்டும். புதுத் துணியை அப்படியே அடித்துப் பசை பூசினால் அது சுருங்கி இழுக்கிற இழுப்பில் பிளாச்சு வில்லாக வளையும். ஆணியை மூலையிலிருந்து தொடங்கக்கூடாது. நாலு பக்கமும் நடுவில் ஒன்று, பிறகு மூலை நோக்கி. பசைக்குப் புளியங்கொட்டைக் கஞ்சி, பூச்சி வராமலிருக்க அதில் ஒரு சிட்டிகை மயில்துத்தம். வர்ணத்துக்குப் பொடிச் சாயமும் வச்சிரப் பசையும். வச்சிரம் கூடினால் காய்ந்ததும் வெடிக்கும், குறைந்தால் கையில் ஒட்டும். எனாமல் வேண்டவே வேண்டாம், பளபளப்பு காட்டிக் கொடுத்துவிடும். கடைசியாகச் செம்மண்ணைக் கரைத்து அடிப்பக்கத்தில் தெளிக்க வேண்டும், ஓடிவந்த வண்டிக்குப் புழுதி இருக்கும். பின்னால் இருபதடிக்குச் சங்கிலித் தடம்: பதினாறரை அங்குல அகலத்தில் இரண்டு, நடுவுக்கு நடு 83 அங்குலம், கட்டை உருளையில் பல் அடித்து உருட்டினால் நம் மண்ணில் அச்சு நன்றாகப் பதியும்.

பக்கத்தில் ஒரு நிஜ டிராக்டர். அதன் மேல் இரண்டு பாதியாகக் கழல்கிற மூங்கில் கூண்டு, கூண்டின் மேல் வைக்கோல். மாடியிலிருந்து பார்த்தால் வைக்கோல் வண்டி. ஒரு மணிக்கு ஒரு முறை கூண்டு இரண்டு பக்கமும் விழும், டிராக்டர் புறப்பட்டுப் போகும். பிள்ளைகள் அதற்குப் பிறகு செல்ஃபியைத் தேட மாட்டார்கள்.

குழுவிடம் நாங்கள் கேட்பது இவை.

ஃபிளெக்ஸ் டாங்கியை ரத்து செய்து அந்த இடத்தை எங்களுக்கு விட வேண்டும். மண்டபத்துக்குள் வேண்டாம். மைதானத்தின் திறந்த வெளியில், காலையும் மாலையும் வெயில் படுகிற மாதிரி, அறுபதடிக்கு முப்பதடி போதும். பக்கத்துக் கட்டடத்தின் மொட்டை மாடியைப் பார்வையாளர்களுக்குத் திறந்துவிட வேண்டும், கைப்பிடிச் சுவருக்குச் சாரம் நாங்களே கட்டித் தருகிறோம்.

வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் தொழில் தெரிந்த ஆளுக்குரிய தினக்கூலி வேண்டும். கொட்டான் முடைகிற பெண்களுக்கும் அதே கூலி, 'கைத்தொழில் ஊக்கத்தொகை' என்று குறைத்துத் தரக்கூடாது. மைக் செட்டுக்காரருக்கும் பந்தி ஏற்பாட்டுக்காரருக்கும் கொடுப்பது போலப் பாதி முன்பணம்.

அரங்கின் வாசலில் செய்தவர்கள் பெயர் அத்தனையும் கையால் எழுதிய பலகையில் இருக்க வேண்டும், நன்கொடையாளர் பெயருக்கு மேலே இல்லாவிட்டாலும் அதே அளவு எழுத்தில்.

கப்பல் வர்ணத்தையும் சூயஸ் கால்வாயையும் பற்றிய இரண்டு வரிகளைத் தகவல் பலகையிலிருந்து எடுத்துவிட்டுத் திருத்தி எழுத வேண்டும். திருத்திய வாசகம் மனுவின் ஏழாம் பக்கத்தில் இருக்கிறது.

இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள், என்ன காரணம் என்று எழுத்தில் பதில் வேண்டும். துணி நனைத்துக் காய ஒரு நாள், சட்டத்துக்கு நாலு நாள், பசை இரண்டு பூச்சுக்கு மூன்று நாள், வர்ணத்துக்கு ஐந்து நாள், தடமும் கூண்டும் இரண்டு நாள். மழை வந்தால் எல்லாவற்றோடும் நாலு நாள் கூட்டிக்கொள்ளுங்கள். ஆகவே கண்காட்சி தொடங்குவதற்கு இருபது நாள் முன்னதாக அந்தப் பதில் எங்கள் கைக்கு வந்தாக வேண்டும்.

இப்படிக்கு,
சீன் ஓவியர்கள், பந்தல் தொழிலாளர்கள், கொட்டான் முடைவோர், சுண்ணாம்புப் பூச்சுக் கொத்தனார்கள்
காரைக்குடி வட்டாரம்